அண்ணன் வீடா, அந்நியர் வீடா?

தாய் தகப்பனை இழந்த 15 வயதுப் பெண். அண்ணனுக்குப் பஞ்சாலையில் தினக்கூலி. அவள் அண்ணனிடமே இருப்பதா, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போவதா?

அண்ணனிடமே இருக்கட்டும் என்கிறோம். பெற்றோரைப் பறிகொடுத்தவளிடமிருந்து கூடப்பிறந்தவனையும் பறிப்பது நியாயமா? 'அவனுக்கு வக்கில்லை' என்பார்கள். வறுமை அவன் செய்த குற்றமா? கூலியை அமுக்கும் முதலாளியைக் கேளுங்கள்!

வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பினாலும் உடன்பிறந்தோரைக் கூடியவரை பிரிக்கலாகாது என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். உறவினரிடம் வளரும் பெற்றோரில்லாக் குழந்தைக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு.

ஆனால், படிப்பை நிறுத்தி அவளை ஆலை விடுதிக்கு அனுப்பினாலோ, அவசரக் கல்யாணம் முடித்தாலோ, அந்த வீட்டை நாம் ஆதரிக்க மாட்டோம். அவள் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும்.

சங்கத் தோழர்களே! உங்கள் தெருவில் இப்படியொரு வீடு இருந்தால், மனு எழுதிக் கொடுங்கள். ஜில்லா குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூடவே போங்கள்!