இரு கரைப் பிள்ளைகள்

பழைய ஏற்பாட்டில் நெகேமியா என்னும் பெருமகனாரைப் பற்றி வாசகர்கள் படித்திருப்பார்கள். இடிந்து கிடந்த எருசலேமின் மதிலை ஐம்பத்திரண்டு நாள்களில் எடுத்துக் கட்டியவர் அவர். அவருடைய நூலின் கடைசி அதிகாரத்தில் ஒரு செய்தி உண்டு. மறையுரைகளில் அதனைத் தொடுவார் அரியர். யூதருள் சிலர் அஸ்தோது நாட்டுப் பெண்களையும் அண்டை நாட்டுப் பெண்களையும் மணந்திருந்தனர். அவர்தம் பிள்ளைகளிற் பாதிப்பேர் அயல்மொழியையே பேசினர். யூத மொழியோ அவர்கள் நாவில் வரவில்லை. இதைக் கண்ட நெகேமியா கடுஞ்சினங் கொண்டு திட்டினார், சிலரை அடித்தார், தலைமயிரையும் பிடித்து இழுத்தார்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. அடி வாங்கியவர்கள் தகப்பன்மாரேயன்றிப் பிள்ளைகளல்லர். நம் ஊரிலோ காரியம் தலைகீழாக நடக்கிறது.

கோடை விடுமுறையிலும் கிறிஸ்மஸ் காலத்திலும் திசையன்விளைக் கடைவீதியில் நின்று பார்த்தால் போதும். துபாய், மஸ்கட், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று உலகின் பாதி நம் தெருக்களில் இறங்கி நிற்கிறது. உவரி அந்தோனியாருக்கு நேர்ந்த காணிக்கையைச் செலுத்தவும், ஆச்சியைப் பார்க்கவும், கருப்பட்டி வாங்கவும் வந்த குடும்பங்கள் அவை. வந்திறங்கிய அன்று மாலையே உறவினர் கூடி அப்பிள்ளைகளை நடுவீட்டில் நிறுத்தி, "தமிழ் பேசு, பார்ப்போம்" என்பார்கள். பேசாவிடில் ஏளனம், பேசினால் அதைவிடப் பெரிய ஏளனம்.

நாம் கண்ட ஒன்றைச் சொல்லுவோம். டொரண்டோவில் பிறந்து வளர்ந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் நம் பங்கிலுள்ள வீடொன்றுக்கு வந்திருந்தான். இத்தனை நேரம் எங்கேயிருந்தாய் என்று அத்தை கேட்க, அவன் வெகு இயல்பாக, "ஆச்சியோட கதைச்சுக்கொண்டிருந்தனான்" என்றான். வீடே சிரித்தது. "எலே, இவன் சிலோன்காரன் மாதிரில்லா பேசுதான்!" என்று அவனுடைய மாமன்மார் அதையே மூன்று நாள் திருப்பித் திருப்பிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நடந்தது இதுதான். கனடாவில் சனிக்கிழமைதோறும் அவனுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை யாழ்ப்பாணத்தவர். உடன் பயின்ற பிள்ளைகளும் ஈழத்துப் பிள்ளைகளே. பனி கொட்டும் காலையிலும் விடாமல் சென்று அவன் கற்று வந்த தமிழ் அது. அதற்கு நாம் அளித்த பரிசு இந்தச் சிரிப்பு. எஞ்சிய நாள்களில் அவன் ஆங்கிலத்திலன்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்று அவனுடைய தாய் நம்மிடம் கூறி வருந்தினார்.

இந்தச் சிரிப்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. நாம் உயர்நிலைப்பள்ளியில் பயின்ற 1980-களின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் நம்முடன் படித்தனர். ரொட்டியை அவர்கள் 'பான்' என்பார்கள்; காப்பி அவர்களுக்குக் 'கோப்பி'. அவர்களுக்குப் பெயர் இருந்தும் பள்ளி முழுவதும் 'சிலோன்' என்றே அவர்களை அழைத்தது. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்' என்றும், வாய் கூசாதவர்களால் 'கள்ளத்தோணி' என்றும் அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்ததும் வசைச்சொல் மட்டும் மாறியது.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதை இன்றைய இளையோர் அறிதல் நன்று. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களிற் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அவர்தம் முன்னோர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து சென்றவர்கள். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேராகக் கணக்கிடப்பட்ட அம்மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்பது ஏற்பாடு. அவர்களையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரைப் பங்கிட்ட இந்தக் கணக்கில் அம்மனிதரை எவரும் கேட்கவில்லை. இலங்கையில் தங்கிவிட்டவர்களுள் நாடற்றோராகவே இருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இவ்வாறு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களுக்கு நாம் இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அட்டனிலும் பதுளையிலும் பிறந்து, இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வையாத குழந்தை எங்ஙனம் திரும்பி வரும்? போனவன் அன்றோ திரும்புவான்? பாட்டன் போன வழியில் பேரன் திரும்பினான் என்று அரசு எழுதி வைத்துக்கொண்டது. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டக் கழகத்திலும், குமரி மாவட்டத்தின் அரசு ரப்பர்த் தோட்டங்களிலும் அவர்களுள் பலர் மீண்டும் மலையேறினார்கள். நன்றாகவே உழைத்தார்கள். ஆனால் அடுத்த தலைமுறை வளருமட்டும் 'சிலோன்காரர்' என்ற பெயர் அவர்களை விட்டு அகலவில்லை.

'அப்படியானால் இந்தப் பிள்ளைகள் எந்த ஊர்க்காரர்?' என்று கேட்போர் உண்டு. பெயரைக் கொண்டு ஊரைத் தீர்மானிக்கலாமென்று எண்ணுவோர் நம் கடற்கரையைச் சற்றே பார்க்கட்டும். பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, மிராண்டா, கர்வாலோ என்று மணப்பாட்டிலும் உவரியிலும் தூத்துக்குடியிலும் வழங்கும் குடும்பப் பெயர்கள் போர்த்துக்கல் நாட்டுப் பெயர்கள். 1530-களில் முத்துக்குளித்துறை மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது ஏற்றவை. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக அப்பெயர்களைச் சுமக்கும் அம்மக்களின் வாயில் வருவதோ, கடலையும் காற்றையும் மீனையும் பற்றி நூற்றுக்கணக்கான சொற்களை வைத்திருக்கும் செழுந்தமிழ். அவர்களை எவரேனும் போர்த்துக்கீசியர் என்பரோ?

இதன் மறுபுறத்தைக் காண மொரீசியசுக்கும் ரியூனியனுக்கும் போகவேண்டும். சின்னத்தம்பி, வீரப்பன், முத்து என்னும் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் எழுதி வைத்துக்கொண்டு, வீட்டிலும் வீதியிலும் கிரியோல் பேசும் மக்கள் அங்கே பல்லாயிரவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். மொரீசியசின் பணத்தாளில் தமிழெழுத்து இன்றும் அச்சாகிறது. அதனை எழுத்துக்கூட்டிப் படிக்கவல்லவர் சிலரே. 1860 நவம்பரில் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் தொழிலாளரைக் கொண்டுபோய்த் தர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அன்று தொடங்கி நம் 'கவுண்டர்' அங்கே 'கவெண்டர்' ஆகி, 'முதலி' 'மூட்லி' ஆகி, இன்றுவரை அப்படியே வழங்கி வருகின்றனர். நம் கரையில் அயற்பெயரும் தமிழ்நாவும். அக்கரையில் தமிழ்ப்பெயரும் அயல்நாவும். இவற்றுள் எதனைப் பாதி என்பது, எதனை முழுமை என்பது?

தில்லையாடி வள்ளியம்மையை இங்கே நினையாதிருக்க இயலாது. 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அப்பெண் தன் பெயரோடு ஒட்டியிருக்கும் தில்லையாடியை ஒருநாளும் கண்டதில்லை. இந்திய முறைத் திருமணங்கள் செல்லாவென்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 1913-இல் தீர்ப்பளித்ததும் மூண்ட அறப்போரில் சிறை சென்று, நோயுற்று மீண்டு, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறு வயதில் மறைந்தாள்.

எனினும் மொழியை இழப்பது இழப்பே அன்று என்று நாம் வாதிட வரவில்லை. இழந்ததைத் தேடி வந்து பெற்றவர் ஒருவர் நம் மறைமாவட்டத்திலேயே வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையின் கரம்பொனில் 1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் பிறந்து, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கில வழி பயின்று, கொழும்புக் குருமடத்திலும் பின் உரோமையிலும் கற்று, 1938-இல் குருப்பட்டம் பெற்றார் ஓர் இளைஞர். ஆங்கிலமும் இலத்தீனும் இத்தாலியமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தாய்மொழியின் இலக்கியத்திலோ முறையான பயிற்சி வாய்க்கவில்லை. ஆயர் ரோச் ஆண்டகையின் காலத்தில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, நம் ஊருக்கு மேற்கேயுள்ள வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக வந்தார். ஆண்டு 1940, அவருக்கு வயது இருபத்தேழு.

இனி என்ன படிப்பு என்று இருந்துவிடக்கூடிய வயதும் பதவியும் அவை. மேனாட்டுப் பட்டம் பெற்ற குருவானவர் ஒரு பண்டிதர் முன் மாணாக்கராக அமர்வது அன்று சாதாரணச் செயலன்று. அவர் அமர்ந்தார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் சைவப் பெருமகன் கத்தோலிக்கக் குருவுக்குச் சங்க நூல்களைப் பாடஞ் சொன்னார். எழுத்துப் பிழைக்காகவோ யாழ்ப்பாணத்து உச்சரிப்புக்காகவோ அந்த ஐயர் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் சிலவேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

1945-இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்று வளர்ந்தவர் தனிநாயகம் என்னும் பெயரைப் பூண்டார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்டார். தமிழின் பெருமையைப் பிறமொழியாளர் அறிய 'தமிழ்க் கலாசாரம்' என்னும் ஆங்கில முத்திங்களிதழ் நடத்தினார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோவென்சா அடிகளின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதும் அவருடைய முயற்சியால். 'ஒன்றே உலகம்' என்று தம் பயண நூலுக்குப் பெயரிட்ட அவர் 1980 செப்டம்பர் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். இரு கரைக்கும் நடுவே வளர்ந்த ஒருவரால் ஆகக்கூடியது இவ்வளவு. அதற்குத் தொடக்கம் வடக்கன்குளத்தில் ஓர் ஆசிரியர் காட்டிய பொறுமை.

நிற்க. அடிவாங்க வேண்டிய தகப்பன்மாரிடம் வருவோம். ஆங்கிலம் கெட்டுவிடும் என்று வீட்டில் தமிழை நிறுத்தியவர்களே, பத்தாண்டு கழித்து ஊருக்கு வந்து, "சாமி, பிள்ளைக்குத் தமிழே வரமாட்டேங்குது" என்று குறைகூறுகிறார்கள். அதைக் கேட்டுத் தலையசைக்கும் உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல்: தங்கள் பேரப்பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துத் தமிழில் பத்து வரி பிழையற எழுதச் சொல்லட்டும். டொரண்டோ வரை போகவேண்டுவதில்லை. நம் ஊர்ப் பள்ளி வாகனங்களில் ஏறிச் செல்லும் பிள்ளைகளே போதும்.

வளைகுடா நாட்டுப் பிள்ளைகளின் நிலை இன்னும் இக்கட்டானது. கனடாவில் பிறந்தவன் கனடாக்காரன் ஆகிவிடுகிறான். துபாயிலோ மஸ்கட்டிலோ பிறந்த நம் பிள்ளைக்கு அப்பிறப்பால் அந்நாட்டுக் குடியுரிமை வருவதில்லை. தகப்பனின் வேலை முடிந்தால் பெட்டி கட்டவேண்டியதுதான். வந்து சேரும் ஊரும் அவனுக்கு விடுமுறை ஊரே. பள்ளியில் ஆங்கிலம், அடுத்த வீட்டில் மலையாளம் அல்லது இந்தி, தெருப்பலகையில் அரபு. தமிழ் வீட்டுக்குள் மட்டும். அந்த வீட்டுக்குள்ளும் அது ஒலிக்காவிடில் பின் எங்கே ஒலிக்கும்?

சென்ற மாதம் அங்கிருந்து நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறானாம். இரண்டாம் மொழியாகத் தமிழை எடுப்பதா, மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் வேறொன்றை எடுப்பதா என்பது முதற்கேள்வி. அவன் ஆங்கிலத்தில் ஒப்புரவு செய்தால் குறையாகுமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு உடனே விடையளித்தோம்: எம்மொழியில் மனம் திறக்கிறதோ அம்மொழியில் செய்யட்டும், ஆண்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. முதற்கேள்விக்குச் சற்று நீண்ட மறுமொழி எழுதினோம். பள்ளியில் எதை எடுத்தாலும் எடுக்கட்டும். ஞாயிறு மாலை அரைமணி நேரம் தொலைபேசியில் அவன் ஆச்சியோடு தனியே பேசட்டும். பக்கத்திலிருந்து தாய் சொல்லெடுத்துக் கொடுக்க வேண்டா. சித்தப்பா, மதினி, கொழுந்தன் யார் யாரென்று ஆச்சியே சொல்லிக்கொடுப்பார் என்று எழுதினோம்.

அந்த ஆச்சியை மறுவாரம் கோவில் வாசலில் கண்டு செய்தியைச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே: "அவன் பேசுதது எனக்கு வெளங்கலேன்னா நான் என்ன செய்யட்டும் சாமி?" திருப்பிக் கேளுங்கள், எத்தனை முறையானாலும் கேளுங்கள், சிரிக்க மட்டும் செய்யாதீர்கள் என்றோம். "நா ஏன் சிரிக்கேன்" என்று சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே எத்தனை மணிக்கு விளக்கு வைக்கிற நேரம் என்று விசாரிக்கத் தொடங்கினார்.