முதலில் எழுத்து, பிறகு ஐஸ்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பெனர், போஸ்டர் செய்யும் தம்பி தங்கைகள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வாரம் என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் போனைக் காட்டி, "சேர், ஐஸ் எழுத்து செஞ்சிருக்கேன், பாருங்க" என்றான். நீல எழுத்து, மேலே வெள்ளைப் பனி, கீழே கூர்கூராய்த் தொங்கும் ஐஸ். யூடியூப் பார்த்துத் தானாகவே பழகியிருக்கிறான். பெருமையாக இருந்தது. பிறகுதான் வாசித்தேன். "நுவரெலியா"வில் ரெ உடைந்து, கொம்பு ர-வுக்குப் பின்னால் நின்றது. "ஹட்டன்" புள்ளிகள் இரண்டையும் இழந்து "ஹடடன" ஆகியிருந்தது.

பிள்ளையில் பிழை இல்லை. அவன் பார்த்த பாடம் ஆங்கில எழுத்துக்குச் செய்தது. எழுத்தை ராஸ்டரைஸ் செய்து படமாக்க வேண்டும். போட்டோஷொப்பில் 'விண்ட்' ஃபில்டர் பக்கவாட்டில் மட்டுமே வீசும் என்பதால் படத்தை 90 பாகை திருப்பி, அதைப் போட்டு, மறுபடி நிமிர்த்த வேண்டும். அப்போது கோடுகள் ஐஸ் போலத் தொங்கும். 'கிறிஸ்டலைஸ்' போட்டு ஓரத்தை நொறுக்கி, நீலம் பூசினால் முடிந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஓரம் சிதைந்தாலும் வாசிக்கலாம். நமக்குப் புள்ளி போனால் ட் என்பது ட ஆகிவிடும். சுழி போனால் மீன் மின் ஆகிவிடும்.

"ஆட்கள் டிசைனைத்தானே பார்ப்பாங்க சேர், விளங்கினா சரி" என்று கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரச பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் உடனே போட்டோ எடுத்துப் போட்டுக் கோபப்படுகிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் நாமே அடிக்கும் பொங்கல் வாழ்த்திலும் பெருநாள் வாழ்த்திலும் பொ, பெ உடைந்து கிடந்தால் லைக் போட்டுவிட்டுப் போகிறோம். லயத்திலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வரும் முதலாம் தரத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிப்பது இந்தப் பெனர்களைத்தான். அந்தப் பிள்ளைக்கு அது டிசைன் இல்லை, பாடம்.

திருத்துவது கஷ்டமில்லை.

1. பழைய போட்டோஷொப் என்றால் பிரிஃபரன்சஸில் 'டைப்' பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' அல்லது 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தெரிவுசெய்து, புதிய ஃபைலில் எழுதுங்கள். கொம்பு தன் இடத்துக்கு வரும். பாமினியில் அடித்தாலும் உடையாதுதான். ஆனால் அதையே கொப்பி பண்ணி பேஸ்புக்கில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். போட்டோஷொப் இல்லாதவர்களுக்கு 'கிம்ப்' இலவசம். அதில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும்.

2. ராஸ்டரைஸ் செய்தபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. முதலில் லேயரின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

3. தடித்த எழுத்துரு எடுங்கள். ஐஸ் வேலை முடிந்ததும் மூல எழுத்து லேயரை மேலே வைத்து, மங்கலாக்கிப் பாருங்கள். புள்ளியும் சுழியும் திரும்பத் தெரியும்.

4. அனுப்புமுன் வீட்டில் உம்மாவிடமோ பாட்டியிடமோ வாசிக்கக் கொடுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்க் குளிருக்கு ஏன் தொங்கும் ஐஸ்? இங்கே அப்படி எங்கும் நான் கண்டதில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், பள்ளமான இடங்களில் விழுவது துகள் உறைபனி. புல்லின் மேலே மெல்லிய உப்புத் தூவியது போல இருக்கும். வெயில் ஏறியதும் கரைந்துவிடும். ஆனால் அது பட்ட கொழுந்து கருகிவிடும், உருளைக்கிழங்குச் செடியும் கருகிவிடும். ஏப்ரல் வசந்தகால பெனரில் ஐஸ் தொங்கவிடும் நமக்கு இது தெரியாததா?

மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். எழுத்தின் மேல் ஓரத்தில் மட்டும், மெல்லிய பிரஷ்ஷால், வெள்ளையைத் தூவிப் பார் என்றேன். இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தான். ரெ சரியாக இருந்தது. புள்ளிகளும் இருந்தன. அதோடு அது நம் ஊர்ப் பனியாகவும் இருந்தது.

பெனர் அச்சுக்குப் போகுமுன் யாருக்காவது தமிழ் சரிபார்க்க வேண்டுமென்றால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். பாடசாலை முடிந்து வந்து பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.