ஸ்டிக்கர் ஒட்டிட்டா போதுமா?

முகூர்த்த நாள்னா திருவந்திபுரம் எப்படி இருக்கும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிகாலை 4 மணிக்கே தேவநாதசாமி கோயிலைச் சுத்தி வேனும் பைக்கும் நிக்கும். அதே தை மாசத்தில்தான் கரும்பு அரவையும் சூடுபிடிச்சிருக்கும். ஆக, கல்யாணத்துக்குப் போறவனும் கரும்பு ஏத்திட்டுப் போறவனும் ஒரே இருட்டில், ஒரே ரோட்டில்.

போன தை மாசம் அப்பாவும் நானும் பைக்கில் பாலூர்ப் பக்கமிருந்து வந்துட்டிருந்தோம். எதிரில் ஒரு பஸ். அது தாண்டினதும் கண்ணு தெளிஞ்சு பார்த்தா, முன்னாடி ரோடு இல்லை, கரும்புச் சுவர்தான் இருக்கு! அப்பா எப்படித் திருப்பினார்னு அவருக்கே தெரியலை. சோகை தோளில் உரசிட்டுப் போச்சு.

கொஞ்ச தூரத்தில் டீக்கடை ஓரம் அந்த டிராக்டர் நின்னுது. திட்டலாம்னுதான் போனேன். டிரைவர் அண்ணன் சொன்ன பதிலில் என் கோபம் வேற பக்கம் திரும்பிடுச்சு.

"லைட்டு போடாம இல்ல தம்பி. பல்பு மூணு தடவ மாத்திட்டேன். பள்ளத்துல ஏறி எறங்குனா எரியுது, அப்புறம் போயிடுது."

பல்பு நல்லாத்தான் இருந்தது. ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை லைட்டோட தகட்டில் சுரண்டி வச்சு, மறு முனையை பேட்டரி நெகட்டிவில் வச்சோம். பளிச்னு எரிஞ்சுது! அவ்வளவுதான் விஷயம். எர்த் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன். பேட்டரியிலிருந்து கிளம்புற மின்சாரம் பல்பைத் தாண்டி பேட்டரிக்கே திரும்பணும். பல டிரெய்லரில் திரும்பி வர்றதுக்குன்னு தனி வயரே கிடையாது. டிரெய்லரோட இரும்பு, கொக்கி, பின், டிராக்டரோட இரும்பு, இதுதான் பாதை. கொக்கியில் கிரீஸ், துரு, மண்ணு. இழுத்துப் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் ஒட்டும், தளர்ந்தா விட்டுப்போகும். அதான் பள்ளத்தில் எரிஞ்சு சமவெளியில் அணையுது.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. எர்த் விட்டுப்போன லைட்டில் திரும்ப வழி தெரியாத மின்சாரம் பக்கத்து இழை வழியாப் புகுந்து போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டா டேஞ்சர் லைட்டும் சேர்ந்து மினுக்கும். பிரேக் மிதிச்சா இருக்கிற வெளிச்சமும் மங்கும். அதாவது வண்டி நிக்கப் போகுதுன்னு பின்னாடி வர்றவனுக்குச் சொல்ல வேண்டிய அதே நொடியில் விளக்கு அணையுது!

இப்ப வாங்க ஸ்டிக்கருக்கு. கரும்பு வண்டி விபத்துன்னு பேச்சு வந்தாலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ எடுத்துக்கிறாங்க. ஸ்டிக்கர் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அது தானா எரியாது. என் வண்டி வெளிச்சம் அதுமேல பட்டாத்தான் அது இருக்குன்னே தெரியும். எதிரே பஸ் வந்தா? சேறு அப்பியிருந்தா? பின்னாடி தொங்குற கரும்பு மறைச்சா? தவிர, வண்டி நிக்கப் போகுதா திரும்பப் போகுதான்னு எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

சட்டமும் இரண்டையும் ஒண்ணாப் பார்க்கலை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் ரிஃப்ளெக்டருக்கு 104, விளக்குக்கு 105. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியணும்னு இருக்கு. "டிராக்டர் மெதுவாத்தானே போகுது, லைட் எதுக்கு"ன்னு கேக்கிறவங்க கணக்குப் போட்டுப் பாருங்க. பைக் 60 கிலோமீட்டர் வேகம், டிராக்டர் 20. வித்தியாசம் 40, அதாவது நொடிக்கு 11 மீட்டர். 155 மீட்டரில் தெரிஞ்சா 14 நொடி கிடைக்கும். 40 மீட்டரில் தெரிஞ்சா நாலு நொடிகூட இல்லை. டிராக்டர் மெதுவாப் போறதுதான் சார் பிரச்சினையே.

உடனே "டிரைவருங்களுக்குப் பொறுப்பு இல்லை"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். மூணு பல்பு வாங்கின மனுஷனுக்கா பொறுப்பில்லை? அவருக்கு இல்லாதது எங்கே பழுதுன்னு சொல்ல ஒரு ஆள். ராத்திரி முழுக்க லோடு ஓட்டறவர் எந்த நேரத்தில் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்?

அந்த ஆள் இருக்க வேண்டிய இடம் ஆலை யார்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை காய்ச்ச ஆரம்பிச்ச பூமி இது. இன்னிக்கும் கரும்பு வண்டி எடைமேடைக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிக்குது. கரும்பைக் கிலோ பிசகாம எடை போட ஆள் இருக்கு. வண்டியோட வாலில் விளக்கு எரியுதான்னு பார்க்க ஒருத்தர் இருக்கக் கூடாதா? ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு டெஸ்ட் லேம்ப், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு சுருள் வயர். விளக்கு எரியாத வண்டிக்கு அபராதம் வேண்டாம், அங்கேயே சரி பண்ணி அனுப்புங்க. தமிழ்நாட்டில் எந்த ஆலைக்கும் இது பெரிய செலவு இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் டிராக்டர் வச்சிருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொக்கியை நம்பாதீங்க. டிராக்டரிலிருந்து ஒவ்வொரு பின்விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுங்க. ஏழு பின் பிளக் இருந்தா, ஐ.எஸ்.ஓ. 1724 முறைப்படி 3-ஆம் நம்பர் எர்த், வெள்ளை வயர். முறுக்கி டேப் சுத்தாம லக் போட்டு முடுக்குங்க. விளக்கைக் கரும்பு மறைக்காத இடத்தில் வைங்க. அப்புறம் ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு நீங்க பின்னாடி போய் நின்னு பாருங்க.

அந்த அண்ணன் வண்டிக்கு அன்னிக்கு டீக்கடையில் கிடைச்ச பழைய வயரை வச்சே கட்டினோம். கிளம்பினப்போ ரெண்டு சிவப்பும் எரிஞ்சுது. ரொம்ப தூரம் வரைக்கும் தெரிஞ்சுது.