ஊர் அறிய வேண்டிய கணக்கு

சென்னையிலிருந்து வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் அமைந்திருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலே இரும்பும் ரசாயனமும் இயந்திர உதிரிகளும் தயாராவதைப் பலரும் அறிவார்கள். ஆனால், நம்முடைய கார்களிலும் ஆட்டோக்களிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் உழைத்து ஓய்ந்துபோன பேட்டரிகள் கடைசியில் வந்து சேருகிற இடங்களில் அதுவும் ஒன்று என்பதையும், அவற்றிலிருக்கும் காரீயத்தை உருக்கி மறுபடி பாளங்களாக வார்க்கும் உலைகள் அங்கே எரிகின்றன என்பதையும் நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அந்தத் தொழில் அவசியமானது. பூமியைக் குடைந்து புதிய காரீயம் எடுப்பதைக் காட்டிலும் பழையதை உருக்கிக் கொள்வதே நியாயமான காரியம் என்பதில் நமக்கு மாற்று அபிப்பிராயம் கிடையாது. ஆயினும், பேட்டரியைப் பிளந்து, அமிலத்தை வடித்து, தகடுகளையும் அவற்றில் அப்பியிருக்கும் பசையையும் கரியோடு சேர்த்து உலையில் இடும்போது எழுகின்ற புகையிலும், ஆறிய கசடை வாரிக் கொட்டும்போது பறக்கின்ற பொடியிலும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாகக் காரீயம் கலந்திருக்கிறது. புகையை வடிகட்டும் பைகள் கிழிந்திருந்தாலோ, வடிகட்டும் இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டு உலையை மட்டும் ஓட்டினாலோ, அது மதிலைத் தாண்டிப் போய் ஓட்டுக் கூரையிலும் கிணற்றடியிலும் அங்கன்வாடி முற்றத்திலும் படிந்துவிடுகிறது. குளித்து உடை மாற்றிக் கொள்ள வசதியில்லாத உலைக்கூடத் தொழிலாளி வேலை முடிந்து அதே சட்டையோடு வீடு திரும்பினால், ஓடிவந்து காலைக் கட்டிக் கொள்ளும் குழந்தையின் கன்னத்திலும், அந்தச் சட்டையைக் கசக்கித் துவைக்கும் தாயின் விரலிடுக்கிலும் அதே பொடிதான் ஒட்டிக் கொள்கிறது.

தரையில் தவழ்ந்து, மண்ணில் விளையாடி, கையை வாயில் வைப்பது குழந்தையின் சுபாவம். உள்ளே போன காரீயத்தைப் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல நான்கு, ஐந்து மடங்கு அளவுக்குக் குழந்தையின் உடல் ஏற்றுக் கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தத்தில் கலந்து மூளைக்குச் செல்வது ஒரு பங்கு. சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக் கொண்டு எலும்பிலே பல்லாண்டுகள் தங்கியிருந்து, பெண் குழந்தையானால் அவள் வளர்ந்து கர்ப்பவதியாகும் காலத்தில் மீண்டும் ரத்தத்தில் இறங்கி அடுத்த தலைமுறையின் சிசுவைத் தீண்டுவது இன்னொரு பங்கு. இவ்வளவுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயிற்றுவலி வந்தால் பூச்சி என்பார்கள். முகம் வெளுத்தால் சோகை என்பார்கள். வகுப்பிலே கவனம் நிலைக்காமல், சொன்னதை மறந்து, காரணமின்றிச் சினந்து அழுகிற பிள்ளையை மக்கு என்றும் அடங்காதது என்றும் சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைப்பார்கள். தான் செய்யாத குற்றத்துக்கு ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் தண்டனை அனுபவிப்பதை எண்ணும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது.

விரல் நுனியில் ஊசியால் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுத்தால் சில நிமிஷங்களில் அளவைச் சொல்லிவிடும் கையடக்கக் கருவிகள் வந்துவிட்டன. குத்துவதற்கு முன் அந்த விரலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே கணக்கை உயர்த்திக் காட்டிவிடும். அளவு மிகுந்திருந்தால் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யவேண்டும். 2013ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து, கண், காது, பல், இருதயம் முதலாக 30 வகைக் குறைகளுக்காகப் பிள்ளைகளைப் பார்த்துச் செல்ல வேண்டுமென்பது விதி. அந்த முப்பதில் காரீயம் இல்லை. தேசம் முழுவதற்கும் அதைச் சேர்ப்பது பெரிய விவகாரமாகலாம். உலைகளுக்கு அருகிலுள்ள ஊர்களிலாவது அதே குழு, அதே நாளில், இந்த இரண்டு சொட்டு ரத்தமும் எடுப்பதற்கு என்ன தடை?

இங்கே ஒரு சட்ட விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதப்பட்டபோதே, மருத்துவர்கள் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் அட்டவணையில் முதலாவதாக இடம்பெற்றது காரீய விஷம்தான். தொழிலாளியிடம் அதைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமென்று அச்சட்டம் பணித்தது. தகப்பனுக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, அவன் சட்டைத் தூசியைச் சுவாசிக்கும் ஐந்து வயது மகளுக்கு எட்டவில்லை.

பரிசோதனை செய்தால் மட்டும் போதாது, அதன் கணக்கைப் பகிரங்கமாக ஊருக்குச் சொல்லவும் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குப் பூர்வ அனுபவம் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் பவுண்டேஷன், சென்னையும் வேலூரும் உள்ளிட்ட ஏழு நகரங்களில் ரத்தம் சோதித்து, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக 1999இல் உலகறிய வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே நாடெங்கும் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகளும் வேறு பல முயற்சிகளும் அதற்கு முன்பே நடந்து கொண்டிருந்தன என்பது மெய்யே; ஆனாலும் தம் பிள்ளைகளின் ரத்தத்தைப் பற்றிய எண்ணை ஜனங்கள் கேட்டுவிட்ட பிறகு பழைய பெட்ரோலுக்காக வாதாடுவது யாருக்கும் சுலபமாயிருக்கவில்லை. அதன் பின்னர், 3 முதல் 7 வயது வரையுள்ள 756 சென்னைக் குழந்தைகளை ஆராய்ந்து, ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க அறிஞர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம் என்று கண்டது. ஆசிரியர்களிடம் விசாரித்தபோது, அளவு கூடக்கூடப் பதற்றமும் கவனச் சிதைவும் கூடியிருந்தன. பெட்ரோலிலிருந்து காரீயம் போன பிறகும் ஒரு பெருநகரத்தில் இந்த நிலை.

கடல் கடந்த உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து பிளின்ட் நகரத்தில், 2014இல் குடிநீரின் மூலத்தை மாற்றிய பின்பு குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதை மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து கணக்கிட்டுக் கண்ட குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, 2015 செப்டம்பரில் பத்திரிகையாளரைக் கூட்டி அதைச் சொன்னார். மாகாண அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். பிறகு தங்கள் கணக்கையே மறுபடி பார்த்து ஒப்புக் கொண்டார்கள். அக்டோபரிலேயே பழைய நீர் திரும்பி வந்தது. குழந்தைகளின் ரத்த அளவுகள் ஆண்டாண்டாக அங்கே பதிவாகி வந்தபடியால்தான் அந்த அம்மையாரால் ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. பதிவே இல்லாத ஊரில் எவ்வளவு தைரியமுள்ள மருத்துவரும் எதை எடுத்துக் காட்டுவார்?

எண்களைச் சொன்னால் பீதி பரவும், ஊருக்குக் கெட்ட பேர் வரும், பெண் கொடுக்கத் தயங்குவார்கள், ஆலை மூடினால் பிழைப்புப் போய்விடும் என்ற ஆட்சேபணைகளை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதனால்தான் குழந்தையின் பெயரோ தெருவோ வெளியே வரலாகாது, ஒவ்வொரு அளவும் அந்தந்தப் பெற்றோரின் கையில் மட்டும் ரகசியமாகத் தரப்பட வேண்டும், ஊருக்குச் சொல்வது மொத்தக் கணக்காக இருக்க வேண்டும் என்கிறோம்: எத்தனை பிள்ளைகளைச் சோதித்தார்கள், எத்தனை பேருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல், எத்தனை பேருக்கு 45க்கு மேல், பள்ளி முற்றத்து மண்ணில் எவ்வளவு, மறுசோதனை எந்த மாதம். பீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள், 2015 ஜூனில் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தில் காரீயம் மிகுதி என்று புகார் எழுந்ததும் நாடெங்கும் கடைகளிலிருந்து அது அகற்றப்பட்டதையும், தமிழ்நாட்டு அரசாங்கமும் தடைவிதித்ததையும் நினைவுகூர வேண்டும். பொட்டலத்திலுள்ள அளவை அறிய உரிமை பெற்ற ஜனங்களுக்குத் தங்கள் பிள்ளையின் உடம்பிலுள்ள அளவை அறியும் உரிமை எப்படி இல்லாமற் போகும்?

கணக்கைச் சொல்பவர்கள் பரிகாரத்தையும் உடன் சொல்லாவிட்டால், போலி வைத்தியர்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். ரத்தத்திலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து, 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு மருத்துவமனையில் கொடுக்க வேண்டியது. அதற்குக் கீழே, விஷம் வரும் வழியை அடைப்பதும், இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறையாமல் ஊட்டுவதுமே சிகிச்சை. சத்துணவு முட்டையும் காலைச் சிற்றுண்டியும் ஏற்கெனவே கிடைக்கின்ற நம் பள்ளிகளில், கேழ்வரகும் முருங்கைக் கீரையும் இந்த ஊர்களின் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சேருவது எளிதில் ஆகக்கூடியது. ஆனால் உலை வாசலில் குளியலறையும் உடைமாற்றும் அறையும் கட்டாமல், புகைப்போக்கியைக் கண்காணிக்காமல், கீரையை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எவரும் இருந்துவிடக் கூடாது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கவலைக்குரிய அளவை 1991இல் 10 என்றும், 2012இல் 5 என்றும், 2021இல் 3.5 என்றும் குறைத்துக் கொண்டே வந்திருக்கிறது. தீங்கில்லாத அளவென்று எதையும் விஞ்ஞானம் காணவில்லை.

திருவள்ளூருக்கென்று 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உறுதிசெய்யும் ஆய்வுக்கூடத்தை அங்கே அமைத்து, சிப்காட்டை ஒட்டிய கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இந்தக் கல்வியாண்டிலேயே சோதனையைத் தொடங்கி, முதல் கணக்கைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டி, அடுத்து வரும் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையையும் கேட்டுக் கொள்கிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளரும் ஆலைகளின் பொறுப்பாளர்களும் அன்று அந்தச் சபைக்கு வந்திருந்து, தாய்மார்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.