படியில் நின்று சொல்லாமல் விட்ட பதில்

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு அக்காவுக்கு இப்ப ஆறு மாதம். அவ ஐஸ் பாவிக்கிறவ என்று மாடி முழுக்கத் தெரியும். (ஆள் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) போன கிழமை படியில் நின்று ஒரு அன்ரி சொன்னா: "அந்தப் பிள்ளை பிறந்தும் என்ன? மூளை சரியில்லாமத்தான் பிறக்கும்." நான் பேசாமல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

அன்ரி சொன்னது முழுப் பொய் இல்லை. ஐஸ், அதாவது மெத்தம்ஃபெட்டமின், சூல்வித்தகத்தைத் தாண்டிச் சிசுவுக்கும் போகும். இரத்தக் குழாய்களை ஒடுக்கும். அதனால் பிள்ளைக்குப் போகும் ஒட்சிசனும் சாப்பாடும் குறையும். தாய்க்கும் பசி எடுக்காது. அமெரிக்காவில் நடந்த 'ஐடியல்' ஆய்வில், இப்படிப்பட்ட பிள்ளைகள் மாதக் கணக்குக்கு ஏற்ற வளர்ச்சியில்லாமல் பிறக்கும் சாத்தியம் ஏறத்தாழ 3.5 மடங்காக இருந்தது. 5 வயதில் கவனம் செலுத்துவதிலும் சிரமங்கள் தெரிந்தன. பிறந்த பிறகும் தாய் பாவித்தால் அது தாய்ப்பாலிலும் போகும். இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் 'இந்தப் பிள்ளை அவ்வளவுதான்' என்று முடிவு கட்டுவது வேறு கதை. அமெரிக்கா ஒருதரம் அப்படி முடிவு கட்டியது. 1985இல் கொக்கெய்ன் பாவித்த தாய்மாரின் வெறும் 23 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறையே நாசம் என்று எழுதின. 1989இல் பிலடெல்பியாவில் ஹலம் ஹர்ட் என்ற மருத்துவர் 224 குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார். பாதிப் பேர் கருவில் கொக்கெய்னுக்கு உட்பட்டவர்கள், மீதிப் பேர் இல்லை. இரண்டு பக்கமும் ஏழைக் குடும்பங்கள்தான். வருடக்கணக்காகப் பார்த்தும் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டத்தையும் பின்னுக்கு இழுத்தது வறுமை.

கொக்கெய்னும் ஐஸும் ஒன்றில்லை, சரி. ஆனால் ஐஸ் பிள்ளைகளை ஏழரை வயதில் பார்த்தபோதும், நடத்தைப் பிரச்சினைகளோடு வீட்டு நெருக்கடிகள் சேர்ந்தே தெரிந்தன. அப்படியென்றால் பிறந்த பிறகு நாங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நாங்கள் என்ன செய்கிறோம்? 2022 சட்டத் திருத்தத்தின்படி 5 கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனை. 2023 டிசம்பரில் 'யுக்திய' தொடங்கி, வீடு வீடாகத் தேடுதல் நடந்ததை எங்கள் பக்கத்துச் சனம் மறக்காது. பெரிய வியாபாரியைப் பிடிக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் பயம் வியாபாரியோடு நிற்பதில்லை. அக்கா கிளினிக் போவதில்லை. மிட்வைஃப் வந்தால் கதவு திறப்பதில்லை. "சொன்னா பொலிஸுக்குக் குடுப்பாங்க, பிள்ளையையும் எடுத்திடுவாங்க" என்று அம்மாவிடம் அழுதிருக்கிறா. பிரஷர் பார்ப்பது, இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷா எல்லாமே இப்படித்தான் இல்லாமல் போகிறது. எந்தப் பிள்ளைக்கு அதிகம் தேவையோ அதே பிள்ளைக்கு.

வெள்ளவத்தையில் இருக்கும் நண்பி ஒருத்தி, "அது உங்கட பக்கத்துப் பிரச்சினைதானே" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும், அவ்வளவுதான். மானம் பெரிதாக இருக்கும் வீட்டில் மறைப்பதும் பெரிதாக இருக்கும்.

"அப்ப பிள்ளையை யார் பாதுகாக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளையைப் பாதுகாக்க முதலில் தாய் உள்ளே வர வேண்டும். கிளினிக்கில் சொல்வது பொலிஸுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். கைக்குழந்தையோடு தங்கிச் சிகிச்சை பெற இடங்கள் வேண்டும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லது என்று திட்டாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் டொக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்த கிளினிக் நாளில் தானும் கூட வருவதாக அம்மா அக்காவிடம் சொல்லியிருக்கிறா. அக்கா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. அன்ரி, நீங்களும் படியில் பார்த்தால் "சாப்பிட்டியா பிள்ளை" என்று ஒரு வார்த்தை கேளுங்கோ. அதுக்குப் பிறகு அவ கதவைத் திறக்கக்கூடும்.