வேகம் பலகையிலா இருக்கிறது?



பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை பிற்பகலில் கடற்கரையில் என் பாயை விரித்துக்கொண்டிருந்தேன். முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையார் கைப்பேசியை நீட்டியபடி வந்தார். அதில் ஒரு பலகையின் படம். 56 செண்டிமீட்டர் அகலம், ஊசிபோன்ற வால், பளபளக்கும் சிவப்பு வண்ணம். பழைய பலகைதான், ஆயினும் 3,500 ரிங்கிட் கேட்கிறார்களாம்.

"சார், பையனுக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். இதில் போனால் வேகமாகப் போவானா?"

"வாங்காதீர்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மகனின் ஆர்வத்தை நான் மதிக்கவில்லை என்று எண்ணியிருப்பாரோ என்னவோ, அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது என்பதைப் பிறகுதான் பையன் வழியாக அறிந்தேன். அன்று ஒற்றைச் சொல்லில் முடித்தது என் தவறு. ஆகவே என் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். பிள்ளைகளைப் புறப்பாட நடவடிக்கையாக நீர் விளையாட்டுகளுக்கு அனுப்பும் மற்றப் பெற்றோருக்கும், பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் பெயர். 'வின்ட்சர்ஃபிங்' என்பதை மலாய்மொழியில் 'லுன்சூர் ஆஙின்' என்கிறார்கள். காற்றில் வழுக்கிச் செல்லுதல் என்பது பொருள். நான் காற்றுச்சறுக்கு என்றே எழுதுகிறேன். பலகை, பாய், பாய்மரம் ஆகியவற்றுக்குத் தமிழ் தயாராகவே இருக்கிறது. கையால் பற்றும் குறுக்குக் கழியைக் கடற்கரையில் எல்லோரும் பூம் என்றே சொல்கிறோம். பலகையின் அடியில் மீன் துடுப்புப் போல் நிற்பது ஃபின். வெறும் 'பின்' என்று எழுதினால் 'பிறகு' என்று படித்துவிடுவீர்கள். எனவே ஆய்த எழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

இனி அந்தச் சிவப்புப் பலகைக்கு வருவோம். அது கெட்ட பலகை என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஊருக்குரிய பலகை. அப்படிப்பட்ட குறுகிய பலகைகளைப் புகழ்பெறச் செய்தவை ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டிலுள்ள லூடெரிட்ஸ் போன்ற இடங்கள். அங்கே வேகச் சாதனைக்கென்றே கரையோரம் ஒரு கால்வாய் வெட்டினார்கள். 2015ஆம் ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு வீரர் அந்துவான் அல்போ அதில் 500 மீட்டர் தொலைவைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்து உலகச் சாதனை படைத்தார். மணிக்கு ஏறத்தாழ 98.7 கிலோமீட்டர்! அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பு, 1988இல், எரிக் பீல் என்ற ஆங்கிலேயர் முதன்முதலாக 40 நாட்டைத் தாண்டியபோதும் அவர் ஓடியது தென் பிரான்சில் வெட்டப்பட்ட ஒரு கால்வாயில்தான். நீர் தட்டையாக இருக்கவேண்டும், காற்று கடுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக மனிதர்கள் மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் காட்சிகளைத்தான் நம் பிள்ளைகள் இணையத்தில் பார்க்கிறார்கள். பலகை கண்ணுக்குத் தெரிகிறது. காற்று தெரிவதில்லை.

இங்குதான் கணக்கு வருகிறது. பாயைத் தள்ளும் விசை காற்றின் வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடுவதன்று. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. 10 நாட் காற்று 14 நாட்டாக உயர்ந்தாலே விசை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். சாதனை ஓட்டங்களில் வீசும் 40 நாட் காற்றையும், நம் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்து நல்ல பிற்பகலொன்றில் கிடைக்கும் 12 நாட் காற்றையும் ஒப்பிடுங்கள். ஒரே அளவுப் பாயில் விசை 11 மடங்கு வேறுபடும். இன்னொன்றும் உண்டு. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. 30 பாகைச் சூட்டில் வீசும் நம் காற்று, 10 பாகைக் குளிரில் வீசும் ஐரோப்பியக் காற்றைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு இலேசானது. அங்கே எழுதப்படும் அளவு அட்டவணைகளை அப்படியே நம்பி வாங்கிவிட்டு, "காற்று இருந்தும் இழுக்கவில்லையே" என்று நம்மவர்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டை நீரில் வேகம் என்பது ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சார்ந்தது. பலகை நீரைக் கிழித்துக்கொண்டு நகர்வதை விட்டு, நீரின்மேல் எழுந்து வழுக்கத் தொடங்கவேண்டும். எழாத பலகை எத்தனை விலையுயர்ந்ததாயினும் படகுதான். எழச் செய்வது அகலம். 56 செண்டிமீட்டர் பலகை 12 நாட் காற்றில் 65 கிலோ எடையுள்ள பையனோடு எழவே எழாது. அவன் முழங்கால் அளவு நீரில் மிதந்துகொண்டு மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். 75 முதல் 80 செண்டிமீட்டர் வரை அகலமும் 110 முதல் 125 லிட்டர் வரை கொள்ளளவும் உடைய பலகையில் 7.5 சதுர மீட்டர்ப் பாயோடு நின்றால் அவன் எழுவான். குறுகிய பலகைக்கு உச்ச வேகம் அதிகம் என்பது உண்மையே. அந்த உச்சத்தை எட்டும் காற்று நமக்கு ஆண்டில் எத்தனை நாள் வாய்க்கும் என்பதே என் கேள்வி. என் அனுபவத்தில், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

"அப்படியானால் பாயைப் பெரிதாக்கினால் போதுமே" என்று சிலர் சொல்வதுண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். என் தமக்கை மகன் 13 வயதில் என்னோடு கடலுக்கு வந்துகொண்டிருந்தான். சீக்கிரம் எழட்டுமே என்ற ஆசையில் 7.8 சதுர மீட்டர்ப் பாயை அவன் கையில் கொடுத்தேன். நனைந்த பாயை நீரிலிருந்து தூக்கவே அவனால் இயலவில்லை. பத்து முறை தூக்கினான். பத்து முறையும் விழுந்தான். கரைக்கு வந்ததும், கை நடுங்குகிறது என்று மட்டும் சொன்னான். மறு வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இன்று அவன் பல்கலைக்கழக மாணவன். பூப்பந்து விளையாடுகிறான், நன்றாகவே விளையாடுகிறான். கடலுக்கு மட்டும் வருவதில்லை. பயிற்சிக் கழகத்தில் நிலைக்கேற்ற பயிற்றுத்துணைப் பொருள் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவன் நான். அந்தப் பிற்பகலில் அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

இளையோருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடைபெற்ற முதல் கோடைக்கால இளையோர் ஒலிம்பிக்கில் காற்றுச்சறுக்குக்குப் பயன்படுத்திய பலகை டெக்னோ 293. நீளம் 293 செண்டிமீட்டர், அகலம் 79, கொள்ளளவு 205 லிட்டர். உலகின் தேர்ந்த இளையோருக்கே இத்தனை தாராளமான பலகையைக் கொடுத்தார்கள். அதை யாரும் அவமானமாகக் கருதவில்லை. நம் பெற்றோர் மட்டும் பெரிய பலகையைக் கண்டதும், "இது கற்றுக்குட்டிகளுக்குரியது அல்லவா?" என்கிறார்கள்.

சரி, 3,500 ரிங்கிட் கையில் இருக்கிறது, எதற்குச் செலவிடுவது? என் விடை பலருக்குப் பிடிக்காது. முதலில் எதையும் வாங்காமல், இருக்கும் பாயை ஒழுங்காகக் கட்டுங்கள். கடற்கரையில் நான் காணும் பாய்களில் பெரும்பாலானவை போதிய அளவு கீழ்நோக்கி இழுத்துக் கட்டப்படாதவை. பாய்மரத்தின் அடியிலுள்ள கப்பியில் கயிற்றைக் கோத்து, பாயின் மேற்பகுதியில் பின்விளிம்பு தளர்ந்து தொங்கும் வரை இழுக்கவேண்டும். பார்ப்பதற்குப் பாய் பழுதானது போலத் தோன்றும், தோன்றட்டும். திடீரென வலுத்து வீசும் காற்றை அந்தத் தளர்ந்த விளிம்பே வெளியேற்றுகிறது. இழுக்காத பாய், காற்று வலுக்கும்போதெல்லாம் நம்மை முன்னால் கவிழ்க்கும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. உள்ளங்கை மட்டும் சிவக்கும்.

அடுத்து ஃபின். நூற்றுக்கு எண்பது பேர் பலகையோடு வந்த ஃபின்னையே கடைசிவரை வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது (கணக்கெடுக்கவில்லை, கண்ணளவுதான்). என் பலகையோடு வந்தது 46 செண்டிமீட்டர். 7.5 பாய்க்கு அது மிகுதி. காற்று சற்று வலுத்ததும் பலகையின் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்; நான் அஞ்சிப் பாயைத் திறந்துவிடுவேன்; வேகம் போய்விடும். பழைய 42 செண்டிமீட்டர் ஃபின் ஒன்றை 180 ரிங்கிட்டுக்கு வாங்கி, 600ஆம் எண் உப்புத்தாளால் நீர்விட்டுத் தேய்த்துச் சிராய்ப்புகளைப் போக்கினேன். கைக்கடிகாரத்திலுள்ள ஜி.பி.எஸ். கருவியில் பத்து வினாடிச் சராசரி 20.3 நாட்டிலிருந்து 22.1 நாட்டுக்கு ஏறியது. அதே பலகை, அதே பாய், அதே வயிறு. மிகவும் குட்டையான ஃபின்னும் ஆகாது. நீரைப் பற்றாமல் வால் பக்கவாட்டில் நழுவிவிடும். முகத்துவாரங்களில் நெகிழிப்பையும் பாசியும் சிக்குவதால், பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் ஒன்றைக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

அதன்பின் பாய்மரம். இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஒவ்வொரு பாயும் ஒரு குறிப்பிட்ட வளைவுக்கென்று வெட்டித் தைக்கப்பட்டது. தேவையான பாய்மரத்தின் நீளமும் வகையும் பாயிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாத பாய்மரத்தில் மாட்டினால் எத்தனை இழுத்தாலும் பாய் உருவம் கொள்ளாது. மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு நிறுவனத்துப் பாய்மரத்தை வாங்குவோர் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கரிம இழை 75 விழுக்காடேனும் இருந்தால் கைக்கு இலேசாக இருக்கும். 15 வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு கிலோ வேறுபாடு பெரிது.

பலகை கடைசியில்தான்.

சிலர் இப்போது நீரடிச் சிறகைப் பற்றிக் கேட்கக்கூடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், காற்றுச்சறுக்கு முழுவதும் அத்தகைய சிறகின் மேல்தான் நடந்தது. பலகை நீரைத் தொடாமலே பறக்கும். நம் மெல்லிய காற்றுக்கு அதுவே தக்க விடை என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் போட்டிப் பலகையின் சிறகுத்தண்டு 95 செண்டிமீட்டர் நீருக்குள் இறங்குகிறது. நாங்கள் ஓடும் மணல்திட்டு நீரில் வற்றுக் காலத்தில் இடுப்பளவு ஆழம்கூட இராது. தடுக்கி விழுந்தால் எதிரே இருப்பது கூர்மையான விளிம்பு. பெரியவர்கள் தங்கள் விருப்பப்படி செய்துகொள்ளலாம். பிள்ளைகளை அங்கே அதில் ஏற்ற நான் உடன்படேன்.

அந்தத் தந்தையாருக்கு நேற்று மாலை தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். சிவப்புப் பலகை இன்னும் விற்பனையில்தான் இருக்கிறதாம். எதிர்வரும் சனிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குப் பையனோடு வரச் சொல்லியிருக்கிறேன். என் 78 செண்டிமீட்டர் பலகையையும் 42 ஃபின்னையும் ஒரு மணி நேரம் அவனிடம் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கப் போகிறேன். கடிகாரம் அவன் கையில் இருக்கும். பாயை மட்டும் அவனே இழுத்துக் கட்டவேண்டும்.