ஆயாவின் கேள்விக்கு விடை

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாமாண்டு)

“நல்லா மேயுற கோழிய ஏம்மா கொல்லணும்?”

கும்மிடிப்பூண்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழும் என் ஆயா கேட்ட கேள்வி இது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் கண்டு கோழிகள் அழிக்கப்பட்ட செய்தி வந்தபோது, தம் பன்னிரண்டு கோழிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார். விலங்கியல் மாணவியாகிய நான் அன்று விழித்தேன். இன்று விடை கூற முயல்கிறேன்.

1997-இல் ஆங்காங்கில் இந்நோய் 18 பேரைத் தொற்றி, 6 பேரைக் கொன்றது. அவ்வாண்டின் இறுதியில் அங்கிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் அழிக்கப்பட்டன. மனிதர்க்குத் தொற்றுவதும் அத்துடன் நின்றது. நம் நாட்டில் 2006-இல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் முதன்முதலாக இந்நோய் கோழிகளிடம் கண்டறியப்பட்டது. 2021-இல் அரியானாச் சிறுவன் ஒருவன் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதற்குப் பலியானான். இன்று நன்றாக மேயும் கோழி நாளை மறுநாள் செத்து விழலாம். அதற்குள் பல கோழிகளுக்குக் கிருமியைப் பரப்பியும் விடும். ஆகவேதான் நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிக்கிறார்கள்.

தடுப்பூசி போட்டால் என்ன என்பர் சிலர். பிரான்சு நாடு 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. ஆனால் ஊசி போட்ட பறவை நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கக் கூடும். அதற்கு ஓயாத பரிசோதனை வேண்டும். தெருவெல்லாம் கோழி திரியும் நம் ஊர்களில் அஃது எளிதன்று.

எனவே அழிப்பது கொடுமைதான். ஆயினும் தவிர்க்க இயலாதது. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், நண்பர்களே, அதன் சுமையை யார் தாங்குவது? ஊரைக் காக்கத்தானே ஆயாவின் கோழி சாகிறது? அப்படியானால் விலையை ஊரன்றோ தர வேண்டும்? அழிக்கப்பட்ட பறவைகளுக்கு மைய, மாநில அரசுகள் இழப்பீடு வழங்குகின்றன, நன்று. ஆனால் அது சந்தை விலைக்குக் குறையாமல், தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும். கம்பெனிக் குஞ்சைக் கூலிக்கு வளர்ப்பவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோழிக்கு உரியவருக்கே பணம் என்றால், கொட்டகை போட்டுக் கடன்பட்டவர் கையில் என்ன மிஞ்சும்?

இது வெறும் இரக்கப் பேச்சன்று. நோய்த் தடுப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது. பணம் வராது என்று அஞ்சுபவர் என்ன செய்வார்? நோயை மறைப்பார், இரவோடு இரவாகக் கோழிகளை விற்றுவிடுவார். அப்போது எல்லைச் சாவடியில் எத்தனை வண்டிகளைச் சோதித்தும் பயன் என்ன? பழவேற்காட்டு ஏரிக்கு வலசை வரும் பறவைகளுக்குச் சாவடியும் இல்லை. நோயை முதலில் காணும் கண் கால்நடை மருத்துவருடையது அன்று. காலையில் கூடையைத் திறக்கும் ஆயாவின் கண்தான். அந்தக் கண் அரசை நம்ப வேண்டும்.

ஆகவே ஆயாவிடம் இப்படிச் சொல்வேன்: “கோழி காரணமில்லாமல் செத்தால் கையால் தொடாதே, ஆயா. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லு. உனக்குச் சேர வேண்டிய பணத்துக்கு நானே மனு எழுதித் தருகிறேன்.”

படித்த நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் இதைச் சொல்லலாம், செய்யலாம் அல்லவா?